ஐயாவின் முகம் கனம் கூட

அந்தச் சாவி உங்களிடம்தான் இருக்கிறது, ஐயா. உங்கட ஆள் பூட்டினார், உங்கட பெயரைச் சொல்லிப் பூட்டினார், உங்கட வாகனத்தில் ஏறிப் போனார். ஆகவே பூட்டினது நீங்கள்தான். செத்த கொம்பியூட்டரை எழுப்புவது எங்கட தொழில். இதில் எழும்பாத பொட்டிக்காக ஏச்சு வாங்கியிருக்கிறேன், அது வழக்கம். எழும்பி ஓடுகிற பத்துப் பொட்டிகளை ஒரு மனிதர் அறைக்குள் வைத்துப் பூட்டியதை உங்களிடம்தான் முதலில் கண்டேன்.

இதை வாசிக்கிறவர்களில் என்னைப் போல ஸ்குரூ டிரைவரோடு காலம் தள்ளுகிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. நான் தில்லையடியில் சின்னதாக ஒரு திருத்தக் கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கொம்பியூட்டர் படிப்பித்தது பள்ளிக்கூடமல்ல. நான் பஸ் நிலையத்தருகே போன் கவர் விற்றுத் திரிந்த காலத்தில், ஓடும் என்று சத்தியம் பண்ணி எனக்கு ஒரு செத்த பொட்டியை விற்றானே, அவன்தான் என் வாத்தியார். திருப்பிக் கொடுக்கப் போனால் ஆளைக் காணவில்லை. கோபத்தில் கழற்றினேன், கோபத்திலேயே பூட்டினேன், ஓடிற்று. அன்றிலிருந்து இந்தத் தொழிலுக்கு வேண்டிய முதல் கருவி கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பூட்டிய அறை எங்கட குடியேற்றத்துப் பள்ளிவாசலின் பின்பக்கம் இருக்கிறது. பின்னேரம் பஸ் ஏறி டவுன் கிளாசுக்குப் போக வீட்டில் விடாத பெண் பிள்ளைகள் கொம்பியூட்டரைத் தொட்டுப் பார்க்க அதை விட்டால் வேறு இடமில்லை. பரீட்சைக்கு அதைப் பாடமாக எடுத்திருக்கிறார்கள். மவுஸ் எப்படி இருக்கும் என்பதைப் புத்தகத்துப் படத்தில் பார்த்துப் பாடமாக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள்.

சுற்றுகிற வட்டம்

சண்டை முடிந்த கையோடு எங்கட கரைக்கு அன்பளிப்புக் காலம் வந்தது. தையல் மெசின் வந்தது, தண்ணீர்த் தாங்கி வந்தது, கடைசியில் கொம்பியூட்டரும் வந்தது. கொழும்பில் ஏதோ ஒரு கந்தோர் தன் மேசைகளிலிருந்து கழித்துவிட்ட பத்துப் பொட்டிகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ரோஜா நிற ரிபன். அறைக்கு இரும்புக் கதவும் ஆமைப் பூட்டும்கூட அன்பளிப்புத்தான். ஸ்கிரீனைப் போட்டால் முதலில் வருவது எங்கட எம்.பி. ஐயாவின் படம். கைகூப்பிய ஐயா, பின்னால் உதிக்கிற சூரியன், கீழே கொட்டை எழுத்தில் 'அன்பளிப்பு'.

விழா பின்னேரம். பொட்டிகளைக் காலையிலேயே போட்டுவிட்டார்கள். அந்த அறையில் சம்பளமில்லாமல் படிப்பிக்க ஒத்துக்கொண்ட ஒரே ஆள் ரிஸ்வியா டீச்சர். அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஐயாவின் படம் வந்துவிட்டது, அதற்கப்பால் ஒன்றும் வரவில்லை. ஐயாவின் மூக்கில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏற்றியிருந்த சிஸ்டம் புதுசு, பொட்டியோ கிழடு. கிழவரின் தலையில் நெல் மூட்டையை வைத்துவிட்டு நடக்கச் சொன்ன மாதிரி. நான் ஐயாவின் ஒருங்கிணைப்பாளரைத் தேடிப் பிடித்தேன். வெள்ளைச் சட்டைக்காரர், கதைக்கும்போது நம்மைப் பார்க்காமல் நமக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கிறவர். "இது விடியுமட்டும் சுத்தும், பிள்ளைகள் என்ன செய்யிற?" என்றேன். கெமராக்காரனுக்குக் கை காட்டியபடியே அவர் சொன்னார்: "சுத்தட்டும் தம்பி, போட்டோவில சுத்துறது தெரியாது."

தூசியில்லாத இடம்

அடுத்த கிழமையே டீச்சர் கடைக்கு வந்துவிட்டார். வட்டம் சுற்றி முடிய வகுப்பும் முடிந்துவிடுகிறதாம். போய் ஒரு பொட்டியைக் கழற்றினேன். உள்ளே தூசி படுக்கை போட்டிருந்தது, ஒரு மூலையில் பல்லி முட்டை. மெமறி செருகுகிற இடம் இரண்டு. மெமறி என்பது கொம்பியூட்டர் உட்கார்ந்து வேலை செய்ய விரிக்கிற பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் சின்னப் பாய் ஒன்று இருந்தது. மற்றது வெறுமை. அந்த வெறும் இடத்தில் மட்டும் ஒரு பொட்டுத் தூசியில்லை. பத்துப் பொட்டியையும் திறந்தேன், பத்திலும் அதே இடம் பெருநாளைக்குக் கழுவின பீங்கான் மாதிரி மினுங்கியது.

வருசக்கணக்காக மூடிக் கிடந்த பொட்டிக்குள் ஓர் இடம் மட்டும் எப்படிச் சுத்தமாக இருக்கும்? வண்டியில் ஏற்றுவதற்கு முன் யாரோ பிடுங்கியிருக்கிறான். பிடுங்கினவன் மற்ற இடத்தையும் ஒருக்கா ஊதிவிட்டிருந்தால் எனக்கு விளங்கியிருக்காது. களவிலும் சோம்பல். ஒருங்கிணைப்பாளருக்குப் போன் எடுத்து, பாதி மெமறி எங்கே போனது என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை: "அன்பளிப்பு வந்தா நன்றி சொல்லணும், உன்னை யாரு உள்ளுக்குத் திறந்து பார்க்கச் சொன்ன?"

டீச்சரோடு பேரம்

பாய் பெரிசாகாது என்று தெரிந்துவிட்டது. அப்போது அதில் உட்காருகிறவனைத்தான் மெலிய வைக்க வேண்டும். லினக்ஸ் என்று விலையில்லாமல் கிடைக்கிற சிஸ்டம் இருக்கிறது. அதற்கு ஆயத்தமாகக் கட்டிவைத்த டெஸ்க்டொப்புகளும் உண்டு, ஆனால் அவை கல்யாண வீட்டுத் தளபாடச் செட் மாதிரி. கட்டில் கேட்டால் கண்ணாடி அலுமாரியும் சேர்ந்து வரும். நான் அடித்தளத்தை மட்டும் ஏற்றினேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. அதன் மேல் ஒவ்வொரு சாமானாகத் தேடிப் பூட்டினேன். ஜன்னல்களைப் பிடித்து நிறுத்தவும் இழுக்கவும் மூடவும் ஒன்று. திறந்து கிடப்பதைக் காட்டுகிற ஒல்லிப் பட்டி ஒன்று. கோப்புகளைத் திறக்க ஒன்று. மவுஸின் வலப்பக்கத்தை அமுக்கினால் வருகிற மெனுவை நானே தமிழில் எழுதினேன்: 'எழுத', 'கணக்கு', 'படம் கீற', 'நிப்பாட்டு'. ஒன்றைப் பூட்டியதும் அது எவ்வளவு மெமறி தின்கிறது என்று பார்ப்பேன், மீன்காரனின் தராசைப் பார்க்கிற கண்ணோடு. தீனி கூடினால் கழற்றி எறிந்துவிட்டு அதே வேலையைச் செய்கிற மெலிந்ததொன்றைத் தேடுவேன்.

டீச்சர் பக்கத்தில் இருந்து பேரம் பேசினார். கடிகாரம் கேட்டார், கொடுத்தேன். ஜன்னல் மூடும்போது சுருண்டு மறைய வேண்டும் என்றார், முடியாது என்றேன். தமிழ் எழுத்துப் பலகை கட்டாயம் என்றார். கனம் என்றேன். "அது இல்லாட்டி மத்தது எல்லாத்தையும் கழட்டுங்க" என்றார். வைத்தேன். பின்னால் படம் ஒன்று வேண்டாமா என்றார். "எதுக்கு? ஒரு ஜன்னலைத் திறந்தா படம் மறையுது. மறையப்போறதுக்கு மெமறி குடுக்கிறதா?" என்று கேட்டு அந்தக் கதையை அத்தோடு முடித்தேன். திரை வெறும் சாம்பல் நிறம். முதல் பொட்டியைப் போட்டுக் காட்டியபோது டீச்சர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னை அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவார். "நானா, பிஸ்மில்லா சொல்லி முடிக்க முன்னம் வந்திட்டு. இனிப் பிள்ளைகள் என்ன சாட்டுச் சொல்லிப் பாடத்துக்கு ஒளிக்கிற?"

பத்துப் பொட்டி, பத்து மஃரிப்

அறைக்குக் கரண்ட் வருவது பள்ளிவாசலிலிருந்து. ஆகவே நிர்வாகத் தலைவர் ஹாஜியார் வந்து ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்ல ஏலாது. அவர் கேட்டது தொழுகைக்குக் கூப்பிடுகிற பாங்கு. ஐந்து நேரமும் பொட்டி தானாகவே பாங்கு சொல்ல வேண்டும், பத்தும் சொல்ல வேண்டும். பள்ளி ஸ்பீக்கர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது இது எதற்கு என்றேன். "நன்மைக்குக் கணக்குப் பார்க்கிறியா?" என்றார். கரண்டை நினைத்துக்கொண்டு பூட்டிக் கொடுத்தேன்.

இந்தப் பொட்டிகளில் நேரத்தைக் காப்பாற்றுகிற நாணயம் போன்ற பற்றரி எப்போதோ செத்துவிட்டது. கரண்ட் போய் வந்தால் கடிகாரம் தன் பாட்டுக்கு எங்கேயோ போய் நிற்கும். பிள்ளைகள் ஒவ்வொருத்தியும் தன் வீட்டு மணிக்கூட்டை நினைத்து ஒரு நேரத்தை வைப்பாள். அது நோன்பு மாதம். டீச்சரின் பொட்டியில் விழாவுக்குப் பூட்டிய பெரிய ஸ்பீக்கர் அப்படியே இருந்தது. பக்கத்துச் சைக்கிள் கடை நிலாம், பேரீச்சம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் கண்ணயர்ந்திருந்தவன், நோன்பு திறக்கிற மஃரிப் பாங்குச் சத்தம் கேட்டதும் பழத்தை வாயில் போட்டு, கஞ்சியையும் ஒரே இழுப்பில் குடித்துவிட்டான். உண்மையான பாங்கு பள்ளியில் சொன்னபோது கோப்பை காலி. அந்தக் காலிக் கோப்பையோடு என் கடை வாசலில் வந்து நின்றான்: "என்ட நோன்பு முறிஞ்சு கழாவாப் போச்சு, இன்னொரு நாள் புடிக்கணும். அத இனி ஒன்ட பொட்டி புடிக்குமா, நீ புடிக்கிறியா?"

முந்தல் முதலாளி

பாங்கை அன்றே பத்திலும் கழற்றினேன், ஹாஜியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்து, பற்றரி தேட வேண்டும். முந்தலில் ஓர் இறால் பண்ணை முதலாளியிடம் மூன்று செத்த கொம்பியூட்டர்கள் இறாலுக்குப் போடும் தீன் மூட்டைகளுக்கு நடுவில் கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். உள்ளே இருக்கிற பற்றரியும் மெமறியும் எனக்கு, பதிலுக்கு மூன்றில் ஒன்றை ஓட வைத்துத் தருகிறேன் என்றேன். அவருக்கோ மூன்றும் ஓட வேண்டும், உள்ளிருப்பதும் வெளியே போகக் கூடாது. இறாலுக்கு விலை பேசிப் பழகிய மனிதர், நான் எழும்பிப் போவதாக நடித்தால் அவர் எனக்கு முன்பே எழும்பி வாசலைத் திறந்துவிட்டார். தேத்தண்ணி ஆறி, திரும்பச் சுடவைத்து, அதுவும் ஆறின பிறகுதான் என் சொல்லுக்கு வந்தார். கழற்றிப் பார்த்தால் மெமறி வேறு வகை, எங்கட பொட்டிக்குப் பொருந்தாது. உப்புக் காற்று அதன் பல்லையெல்லாம் பச்சையாக்கியிருந்தது. பற்றரி மட்டும் கிடைத்தது. மிச்சப் பற்றரிகளைப் பிறகு கடைகடையாகப் பொறுக்கினேன்.

சொன்ன சொல்லுக்கு ஒரு பொட்டியை ஓட வைத்தேன். அதே ஒல்லி டெஸ்க்டொப், அதே சாம்பல் திரை. தொட்டால் திறக்கிறது. முதலாளி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோசம் இல்லை. பூப்படம் இல்லையா, கடல் படம் இல்லையா என்றார். வேலை செய்கிற கையில் வளையல் எதற்கு என்று கேட்டேன். அடுத்த தரம் போனபோது மொனிட்டரின் மண்டையில் ஒரு பிளாஸ்டிக் பூச்செண்டு நின்றது. நான் அதைப் பார்த்ததைக் கண்டு அவர் சொன்னார்: "ஓடுது தம்பி, ஓம். ஆனா வாற ஆள் இந்த மொட்டை ஸ்கிரீனப் பார்த்தா நமக்கு வியாபாரம் படுத்திட்டு எண்டெல்லோ நினைப்பான்."

"ஐயா எங்க?"

அறையில் வகுப்பு சூடு பிடித்துவிட்டது. பிள்ளைகள் தமிழில் தட்டினார்கள், கணக்குப் பக்கம் போட்டார்கள், படம் கீறி ஒருத்திக்கொருத்தி காட்டிச் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒருங்கிணைப்பாளர் கெமராவோடு வந்து இறங்கினார். ஐயாவின் அன்பளிப்பால் பிள்ளைகள் படிப்பதை எடுக்கப் போகிறாராம். பற்றரி மாற்றிக்கொண்டு நானும் அங்கேயே இருந்தேன். எல்லாப் பொட்டியும் ஓடுவதை அவர் கவனிக்கவே இல்லை. முதல் ஸ்கிரீனில் குனிந்து "ஐயா எங்க?" என்றார். அடுத்ததில் குனிந்து "ஐயா எங்க?" என்றார். கடைசி வரைக்கும் குனிந்து குனிந்து போய், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஐயா கனம் கூட. இறக்கி வச்சிட்டன்" என்றேன். ஒரு பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருத்தி சிரித்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

பிடுங்கின மெமறியைத் தந்தால் ஐயாவைச் சூரியனோடேயே ஏற்றுகிறேன் என்றேன். அவர் கெமராவை மூடிப் பைக்குள் வைத்தார். சரி, டீச்சரின் பொட்டியில் மட்டும் சின்னதாக ஒன்று போடுகிறேன் என்று இறங்கினேன். "ஐயாவை ஒரு பொட்டிக்குள்ள சுருக்கிறதா?" என்று அவருக்கு இன்னும் ஏறியது. பிள்ளைகளை வெளியே போகச் சொன்னார். ஒருத்தி தட்டிக்கொண்டிருந்ததைச் சேமிக்கக்கூட விடவில்லை. இரும்புக் கதவை இழுத்து, ஆமைப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு சொன்னார்: "ஐயா இல்லாத இடத்தில ஐயாட சாமான் என்னத்துக்கு?"

பள்ளிக்கு முன்னால் ஒரு ரோட்டு

நேரே ஹாஜியாரிடம் போனேன். காணி பள்ளிவாசலுடையது, சுவர் பள்ளிவாசலுடையது, ஒரு பூட்டு மட்டும்தான் ஐயாவுடையது. வெட்டுகிற சாமான் என் கடையில் இருக்கிறது, ஒரு சொல் சொல்லுங்கள் என்றேன். ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தடவினார், திரும்பப் போட்டார். பிறகு என்னை வாசலுக்குக் கூட்டிப் போய் ரோட்டைக் காட்டினார். மழைக்குக் களப்பு மாதிரித் தண்ணீர் நின்று, வெயிலுக்குக் கிடங்கும் பள்ளமுமாகிற ரோட்டு. அதற்குக் கொங்கிரீட் போட்டுத் தருவதாக அதே வெள்ளைச் சட்டை சொல்லியிருக்கிறதாம். இந்த நேரத்தில் பூட்டை உடைத்து ஐயாவைக் கோபப்படுத்தலாமா என்றார்.

ரோட்டு வேண்டும்தான். அந்தப் பள்ளத்தில் நானும் விழுந்தவன். ஆனால் ரோட்டு இன்னும் அவருடைய வாயில்தான் இருக்கிறது, பத்துப் பொட்டியோ கையில் இருந்தது. இருப்பதைக் கொடுத்து இல்லாததை வாங்குகிற பேரத்தை எந்தச் சந்தையில் படித்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். பரீட்சை வருகிறது, பிள்ளைகள் என்ன செய்வது என்றும் கேட்டேன். ஹாஜியார் என் தோளில் கை வைத்து அன்பாகத்தான் சொன்னார்: "பரீட்ச அடுத்த வருசமும் வரும் மகன், ரோட்டுக்கு எஸ்டிமேட் தவறினாத் திரும்பி வராது."

ஜன்னலுக்குப் பின்னால்

பிள்ளைகள் இப்போது என் கடைக்கு வருகிறார்கள். ஒரே ஒரு பொட்டி, ஒரு கதிரையில் இரண்டு பேர், பின்னால் வரிசை. ஒருத்தி ஒரு வரி தட்டி முடிய அடுத்தவள் எழுப்பிவிடுகிறாள். போன் திருத்த வருகிற பொடியன்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், அவர்களை ஏசித் துரத்துவது எனக்கு இன்னொரு தொழில். இரண்டு வாப்பாமார் இதைக் கண்டுவிட்டு மகள்மாரை நிறுத்திவிட்டார்கள். கடைக்குப் போவதும் டவுனுக்குப் போவதும் அவர்களுக்கு ஒன்றுதானாம்.

அன்றைக்குத்தான் ரிஸ்வியா டீச்சர் வந்து, ஐயாவின் படத்தைப் பத்துப் பொட்டிக்கும் ஆயத்தம் பண்ணச் சொன்னார். நான் சத்தம் போட்டேன். களவெடுத்தவனின் ஆளுக்கு முன்னால் தலை குனிவதா, அந்தச் சூரியனையும் நான் ஏற்ற வேண்டுமா என்று கடை அதிரக் கேட்டேன். டீச்சர் நான் முடிக்கும் வரைக்கும் மேசையில் கிடந்த ஸ்குரூவைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நீங்கதானே நானா சொன்னீங்க, ஒரு ஜன்னலைத் திறந்தா படம் மறையுது எண்டு. போடுங்க, எங்கட பிள்ளைகள் திறந்து வச்சிடுவாங்க."

கடைசி விலை

தேடினேன். படத்தைத் திரையில் ஒட்டிவிட்டுத் தானாகவே வெளியேறிப் போகிற ஒரு சின்னப் புரோகிராம் கிடைத்தது, மெமறியில் குந்திக்கொண்டிருக்காது. உங்கட ஆளை விட மரியாதை தெரிந்த சாமான், ஐயா. உங்கட படத்தைச் சுருக்கினேன், சூரியனை வெட்டினேன், கைகூப்பினதை விட்டு வைத்தேன். ஒருங்கிணைப்பாளருக்குப் போன் எடுத்து, ஐயா வருவார், சாவியைக் கொண்டு வாருங்கள் என்றேன். உங்களிடம் கேட்க வேண்டுமாம், உங்களுக்கு நேரமில்லையாம். திரும்ப எடுத்தேன், அதே பதில். இப்போது என் இலக்கத்தைக் கண்டால் எடுப்பதே இல்லை.

நான் பேரம் பேசிப் பிழைக்கிறவன், ஆகவே கடைசி விலையை உங்களுக்கே சொல்கிறேன். பிடுங்கின மெமறியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், யார் பிடுங்கினது என்றுகூடக் கேட்கமாட்டேன். ரிபன் உங்களுக்கு, போட்டோ உங்களுக்கு, ரோட்டுப் போட்டால் அதற்கும் உங்கட பெயரையே வையுங்கள். சாவி மட்டும் ரிஸ்வியா டீச்சரின் கைக்கு வரவேண்டும், பரீட்சைக்கு முன்னம் வரவேண்டும், உங்கட ஆளிடம் கொடுத்துவிடாமல் நீங்களே கொண்டுவர வேண்டும். உங்கட முகம் என் பென் டிரைவில் ஆயத்தமாகக் கிடக்கிறது ஐயா. அந்தக் கதவு திறக்கும் வரைக்கும் அதைப் பார்க்கிற ஒரே ஆள் நான்தான், எனக்கோ பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.